இந்த ஆல்பத்தை என் பையன் கேட்கலாமா டாக்டர்?

இழை கொஞ்சம் நீளமாப் போகும் மக்களே. டீ ஒண்ணு போட்டு எடுத்துட்டு வந்து உட்காருங்க.

வழக்கமா இங்கே காய்ச்சல், தடுப்பூசி, சுகர் பற்றித்தான் எழுதுவேன். இன்னைக்கு ஒரு ராப் ஆல்பத்தைப் பற்றி. சிரிக்காதீங்க, இதுவும் ஓபி-க்கு வந்த கேஸ்தான். அடையாளம் தெரியக் கூடாது என்பதால் வயது முதலான சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

எனக்கு கிளினிக் ராஜபாளையத்தில், வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். போன மார்கழியில் ஒரு நாள், சாயங்கால ஓபி. சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் வேலை பார்க்கும் ஒரு அக்கா, தன் பையனைக் கூட்டிக்கொண்டு வந்தார். (வெளியூர்க்காரர்களுக்கு: உங்க ஊர் ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுகிற காஸ் துணி எங்க சத்திரப்பட்டியில் நெய்ததாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.) பையனுக்குப் பதிமூன்று வயது. ராத்திரி படுத்தால் காதுக்குள் "ஙொய்"னு ஒரு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்காம்.

காதைப் பார்த்தேன். அழுக்கு அடைக்கவில்லை, சவ்வு நல்லா இருக்கு, சளியும் இல்லை. "இயர்போன் போடுவியா தம்பி?" என்றேன். பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அதான் சார் வினையே" என்று அக்கா செல்லை எடுத்து மேஜையில் வைத்தார். "காதை அப்புறம் பாருங்க. முதல்ல இந்தப் பாட்டப் பாருங்க. எப்பப் பாத்தாலும் இதேதான். சண்டைக்குப் போற மாதிரி ஒருத்தன் கத்துறான். பிள்ளைக இதக் கேக்கலாமா, கூடாதா, நீங்களே சொல்லிருங்க. நீங்க சொன்னா கேப்பான்."

திரையில் இருந்தது 'தெருக்குரல்'. அறிவும் ஆஃப்ரோவும் சேர்ந்து 2019-இல் வெளியிட்ட ஆல்பம்.

"இதுல என்னக்கா பிடிக்கல உங்களுக்கு?"

"ஒரு வார்த்தையும் வெளங்கல சார். ஒரே கத்தல். கூடப் படிக்கிற பய ஒருத்தன் அனுப்பி விடுறான்."

கடைசி வாக்கியத்தில் அவர் குரல் கொஞ்சம் மாறியது. கவனித்தேன், ஆனால் அப்போது அதை விட்டுவிட்டேன். பையனின் வலது கையில் ஒரு கலர்க் கயிறு கட்டியிருந்தது. அதையும் கவனித்தேன். என்ன கலர் என்று இங்கே எழுத மாட்டேன். எங்க மாவட்டத்துக்காரங்களுக்குக் கலரைச் சொன்னால் தெருவே தெரிஞ்சிடும்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. நான் எது சொன்னாலும் அக்கா "என்ன சார்?" என்று இன்னொரு தடவை கேட்டார். பேசும்போதும் சத்தம் கூடுதல்தான். தறிக்கொட்டகையில் எத்தனை வருஷம் என்று கேட்டேன். பதினாறு.

ரெண்டு பேருக்கும் சேர்த்தே ஆடியோகிராம் எழுதிக் கொடுத்தேன். "எனக்கு எதுக்கு சார், பையனுக்குத்தான்" என்று மறுத்தார். சும்மா பார்த்துடுவோம் என்றேன். பாட்டு விஷயத்துக்கு ரெண்டு வாரம் டைம் வாங்கிக்கொண்டேன். கேட்காமலே நல்லது கெட்டது சொல்வது, நோயாளியைத் தொடாமலே மருந்து எழுதுகிற மாதிரி.

பஞ்சு மார்க்கெட் நெரிசலைத் தாண்டிவிட்டால் வீடு வரைக்கும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். இடது பக்கம் மலை கூடவே வரும். அந்த ரெண்டு வாரமும் வழக்கமான இளையராஜாவை நிறுத்திவிட்டுப் போகும்போதும் வரும்போதும் தெருக்குரல்தான்.

முதல் நாள் எனக்கும் அக்கா நிலைமைதான். வேகம் பிடிபடவில்லை. ராப் என்றால் எனக்குத் தெரிந்தது கல்லூரி நாள் வரைக்கும்தான். மலேசியாவிலிருந்து யோகி பி - நட்சத்ரா 2006-இல் கொண்டுவந்த 'வல்லவன்'. அதில் 'மடை திறந்து' கேட்டு, ராஜா பாட்டை இப்படியும் பண்ணலாமா என்று வாயைப் பிளந்த கூட்டத்தில் நானும் ஒருவன். அப்புறம் 2012-இல் ஹிப்ஹாப் தமிழாவின் 'ஹிப்ஹாப் தமிழன்'. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

மூன்றாவது நாள்தான் வார்த்தைகள் காதில் விழ ஆரம்பித்தன. அறிவு அரக்கோணத்துக்காரர். பா. ரஞ்சித்தின் முயற்சியில் 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை ஏறிய காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவில் பாடியவர். ஆல்பம் முழுக்கக் கோபம். சாதி, அரசியல், 'கள்ள மௌனி'யில் அநியாயத்தைப் பார்த்தும் வாயைத் திறக்காத ஆட்கள். 'ஆன்டி இந்தியன்' என்று ஒரு பாட்டுக்குத் தலைப்பு. அந்தத் தலைப்பை மட்டும் பார்த்தால் எங்க தெருவில் பாதிப் பேர் செல்லைப் பிடுங்கி வைத்துவிடுவார்கள். பதிமூன்று வயதுக்குப் புரியாத விஷயம் நிறைய இருக்கு. சில இடங்களில் எனக்கே கருத்து ஒத்துப் போகவில்லை, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே தனியாக வாதாடினேன். ஆனால் அந்தக் கோபம் யார் பக்கம் பாய்கிறது என்று பார்த்தேன். மிதிக்கிறவன் பக்கம் பாய்கிறது. மிதிபடுகிறவனைப் பார்த்து அது சிரிக்கவில்லை.

சரி, இதற்கெல்லாம் சென்சார் கிடையாதா என்று கேட்கலாம். சினிமாவுக்கு உண்டு. 2024 விதிகளுக்கு அப்புறம் யுஏ சான்றிதழையே 7, 13, 16 என்று வயது வாரியாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். படத்தில் வராத தனி ஆல்பத்துக்கு அந்தச் சான்றிதழ் எதுவும் வேண்டாம். ஆப்பில் சில பாட்டுகளுக்குப் பக்கத்தில் 'ஈ' என்று ஒரு சின்ன எழுத்து நிற்கிறதே, அது பாட்டை ஏற்றுகிறவர்கள் தாங்களே போட்டுக்கொள்வது.

அமெரிக்காவில் இந்தச் சண்டை எப்பவோ நடந்து முடிந்தது. 1985-இல் டிப்பர் கோர் உள்ளிட்ட சில அம்மாக்கள் கூடி ஒரு அமைப்பு தொடங்க, செனட்டில் விசாரணை வரைக்கும் போய், கடைசியில் ஆல்பம் அட்டையில் பெற்றோருக்கு எச்சரிக்கை என்று கறுப்பு வெள்ளையில் ஸ்டிக்கர் வந்தது. 1990-இல் டூ லைவ் க்ரூ என்ற ராப் குழுவின் ஆல்பத்தை ஆபாசம் என்று ஃப்ளோரிடாவில் ஒரு நீதிபதி தீர்ப்பே எழுதினார். 1992-இல் மேல்முறையீட்டில் அது ரத்தானது. அந்த ஸ்டிக்கர் எண்ணிச் சொல்வது கெட்ட வார்த்தையை. கெட்ட வார்த்தை இல்லாத பாட்டுக்கு அதனிடம் பதில் கிடையாது.

இப்போ 2012-க்கு வருகிறேன்.

நான் அப்போ எம்பிபிஎஸ் மாணவன். எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். 'கிளப்புல மப்புல' வைரலாக ஓடிக்கொண்டிருந்த நேரம். கிளப்பில் குடித்துவிட்டு ஆடும் பெண்களைச் சாடுகிற பாட்டு. தமிழ்ப் பண்பாடு இப்படிப் போகுதே என்பது அதன் ஆதங்கம். ஹாஸ்டலில் யார் ரூமைத் திறந்தாலும் அதுதான். கல்சுரல்ஸ் மேடையில் அதற்கு ஆடிய பத்துப் பேரில் நானும் இருந்தேன். மேலே சொன்ன ஆல்பத்தில்தான் அந்தப் பாட்டும் இருக்கிறது. அதே ஆல்பத்தில் தமிழைப் பற்றியும் படிப்பைப் பற்றியும் பிள்ளைகளுக்குத் தாராளமாகப் போட்டுக் காட்டக்கூடிய பாட்டுகளும் இருக்கின்றன. அதனால் ஒரு ஆல்பத்தை மொத்தமாக நல்லது, கெட்டது என்று சொல்வதே எனக்கு இப்போ பிடிபடுவதில்லை.

எங்க பேட்ச்சில் ஒரு பெண். யாரோ ஒருவருடைய பிறந்தநாள் பார்ட்டிக்குப் போனார், அவ்வளவுதான். அங்கே என்ன குடித்தார், குடித்தாரா என்பது எங்களில் ஒருத்தனுக்கும் தெரியாது. மறுநாளிலிருந்து அவர் கேன்டீனுக்குள் நுழைந்தால் ஏதாவது ஒரு மேஜையிலிருந்து அந்தப் பாட்டு செல்லில் ஒலிக்கும். வார்டுக்குப் போகிற வழியில் ஒலிக்கும். பாட்டைப் போட்டவன் நான் இல்லை. சிரித்தவர்களில் நான் உண்டு. ரெண்டு மாசத்தில் அவர் கேன்டீனுக்கு வருவதை நிறுத்தினார். ஃபைனல் இயர் வரைக்கும் டிபன் பாக்ஸோடு லைப்ரரி படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டதைப் பார்த்திருக்கிறேன். இன்றைக்கு அவர் நல்ல சர்ஜன். மாநாடுகளில் பார்த்தால் வணக்கம் சொல்லிக்கொள்வோம். இதைப் பற்றி இதுவரை நான் அவரிடம் பேசியதில்லை. இந்த இழையை அவர் படித்தால், மன்னிச்சுக்கோங்க.

அந்தப் பாட்டு எழுதியவர் எங்க கேன்டீனுக்கு வந்து யாரையும் கேலி பண்ணச் சொல்லவில்லை, அது தெரியும். கேலி பண்ணுவதற்கு எங்களுக்கு ஒரு சாக்கும் ஒரு மெட்டும் தேவைப்பட்டது. பண்பாட்டைக் காப்பாற்றுகிறோம் என்ற நினைப்பு வேறு கூடவே கிடைத்தது. எங்க வார்டனும் அந்தப் பாட்டை ரசித்துத்தான் கேட்டார்.

டாக்டர் என்பதால் ஆய்வு எதுவும் இருக்கிறதா என்று தேடாமல் இருக்க முடியவில்லை. 2006-இல் பீடியாட்ரிக்ஸ் இதழில் வந்த ஒரு அமெரிக்க ஆய்வு. 12 முதல் 17 வயது வரையிலான 1461 பேரிடம் என்ன பாட்டு கேட்கிறீர்கள் என்று கேட்டு, சில வருஷம் அவர்களைப் பின்தொடர்ந்தார்கள். பெண்ணை இழிவாக, ஒரு பொருளாகப் பாடும் காமப் பாட்டுகளை அதிகம் கேட்டவர்கள் சீக்கிரமாகவே உடலுறவு வாழ்க்கைக்குள் போயிருந்தார்கள். இழிவு கலக்காத காமப் பாட்டுகளுக்கு அந்தத் தொடர்பு தெரியவில்லை. இது வெறும் தொடர்புதான், பாட்டுதான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஏற்கெனவே அந்தப் பக்கம் சாய்ந்த பிள்ளைகள் அந்த மாதிரிப் பாட்டைத் தேடிப் போயிருக்கலாம். இருந்தாலும் எனக்கு உறைத்தது. நாம் கையை வைத்து மறைக்கிற இடம் ஒன்று, விஷம் இருக்கிற இடம் வேறொன்று.

அந்த வாரத்தில்தான் இது நடந்தது. மார்கழி என்பதால் எங்க அம்மா விடியற்காலையில் என் மகளை உட்கார வைத்துத் திருப்பாவை சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆண்டாள் பிறந்த ஊரில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. ஆறு வயசு, அர்த்தம் தெரியாது, ராகம் மட்டும் கச்சிதமாக வந்துவிட்டது. எனக்கும் அந்த வயதில் அப்படித்தான் முப்பதும் மனப்பாடம். குளித்துவிட்டு வந்தவன் சும்மா கேட்டேன்.

"ஏம்மா, திருப்பாவை சொல்லித் தந்தீங்க. நாச்சியார் திருமொழியை ஏன் சொல்லித் தரவே இல்ல?"

அம்மா நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு அதுவும் தெரியும். நூற்று நாற்பத்து மூன்று பாசுரம். கல்யாணக் கனவைச் சொல்லும் பதிகத்தைக் கல்யாண வீடுகளில் ஊரே பாடும். மற்றதில் உடம்பும் ஏக்கமும் ஒளிவு மறைவில்லாமல் இருக்கும். பெரிய ஆளான பிறகு படித்துவிட்டு நானே புத்தகத்தை மூடி வைத்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.

"அதுக்கு ஒரு வயசு வரணும்ல" என்றார்.

"அப்போ அது தப்பான பாட்டா?"

"போடா. தாயார் பாடினதுல தப்பு என்ன இருக்கு? இவளுக்கு இப்ப அது வேண்டாம், அவ்வளவுதான். நாளைக்கு அவளா எடுத்துப் படிப்பா. நான் ஒளிச்சா வெச்சிருக்கேன்? அந்தா அலமாரியிலதான் இருக்கு."

ஒரே கவி. ஒரே கோயில். ஒன்று ஆறு வயசுக்கு, இன்னொன்று அலமாரியில். ஸ்டிக்கரும் இல்லை, சான்றிதழும் இல்லை, எங்க ஊர் இத்தனை நூற்றாண்டாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

அதே ஊர்தான் இன்னொன்றையும் செய்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2018 ஜனவரியில் வைரமுத்து ராஜபாளையத்தில் ஆண்டாளைப் பற்றிப் பேசிய பேச்சை ஒட்டி நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். நான் அப்போ வேறொரு ஆஸ்பத்திரியில் டூட்டி டாக்டர். டூட்டி ரூமிலிருந்து டீக்கடை வரை அதே பேச்சு. நான் பார்த்த ஆட்களில் அந்தக் கட்டுரையை முழுசாகப் படித்தவர் ஒருவர்கூட இல்லை. நானும் படிக்காமலேதான் வாதாடினேன். யார் பக்கம் நியாயம் என்று இங்கே ஆரம்பிக்கப் போவதில்லை. முழுசாகக் கேட்காமல் தீர்ப்பு சொல்வதில் நான் பழகியவன் என்பதற்காகச் சொன்னேன்.

ரெண்டு வாரம் கழித்து அக்காவும் பையனும் வந்தார்கள்.

பையனுடைய ஆடியோகிராம் நார்மல். அந்த "ஙொய்" சத்தம் வால்யூமைக் குறைத்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும் என்று சொன்னேன். கணக்கையும் சொன்னேன், உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். இயர்போனில் பிள்ளைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பான அளவு 75 டெசிபல், வாரத்துக்கு 40 மணி நேரம். பெரியவர்களுக்கு 80. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் கேட்கலாம் என்கிற நேரம் பாதியாகக் குறையும். 90-இல் வைத்தால் ஒரு பிள்ளைக்கு வாரத்துக்கே ஒன்றேகால் மணி நேரம்தான். செல் செட்டிங்ஸில் ஹெட்போன் சத்தத்துக்கு வரம்பு வைக்கும் வசதி இருக்கும். அங்கேயே அவன் செல்லில் வைத்துக் கொடுத்தேன். எந்த ஆல்பமாக இருந்தாலும் முதல் கேள்வி இதுதான். ஆண்டாள் பாசுரமாக இருந்தாலும் இதுதான்.

அக்காவுடைய ரிப்போர்ட் வேறு மாதிரி. ரெண்டு காதிலும் மேல் சுருதிப் பக்கம் கோடு சரிந்து கீழே போயிருந்தது. தறிச்சத்தத்தால் வருகிற அச்சு அசலான படம். ஓடுகிற விசைத்தறிக் கொட்டகை 90 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும். இந்த மாதிரிச் செவித்திறன் குறைந்தவர்களுக்குச் சத்தம் கேட்கும், சொல் பிடிபடாது. க, ச, ட, த மாதிரி மெய்யெழுத்துகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். மெதுவாகப் பேசினால் சமாளித்துவிடுவார்கள். வேகமாகப் பேசினால் போச்சு.

"அக்கா, அந்தப் பாட்டு உங்களுக்குக் கத்தல் மாதிரி கேட்டதுல உங்க மேல தப்பு இல்ல. அதுல இருக்க வார்த்தை உங்க காதுக்கு வந்தே சேரல."

அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. "பய காது போயிரும்னுதான சார் பயந்தேன்" என்றார். காதடைப்பான் போட்டு வேலை பார்ப்பது, இனி வருஷா வருஷம் டெஸ்ட் எடுப்பது, எல்லாம் சொன்னேன். போன காது மருந்தில் திரும்பாது என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது.

பிறகு பாட்டுக்கு வந்தோம்.

"கேக்கலாம்க்கா. அரசியல் நிறைய இருக்கு, அவனுக்குப் பாதி புரியாது. வரிகளை அவனையே வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க, மெதுவா. புரியாததை நீங்க கேளுங்க, பிடிக்காததைப் பிடிக்கலைன்னு சொல்லுங்க. ஆமா, என்ஜாய் எஞ்சாமி கேட்டிருக்கீங்களா?"

"அதுக்குத்தான் எங்க பாப்பா ஸ்கூல் ஆண்டு விழாவுல ஆடுச்சு! தறியில எல்லாரும் பாடுவோமே."

"2021-ல வந்த அந்தப் பாட்டை எழுதி, தீ கூடச் சேர்ந்து பாடுனதும் இதே அறிவுதான்."

"அவரா இவரு?" அக்கா செல்லை வாங்கி இன்னொரு தடவை உற்றுப் பார்த்தார். பையன் முதல் தடவையாகச் சிரித்தான்.

இதோடு நிறுத்தியிருந்தால் எல்லோரும் சந்தோஷமாக எழுந்து போயிருப்போம்.

"தம்பி, வேற என்ன கேப்ப?" என்றேன். தயங்கித் தயங்கிக் காட்டினான். கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் மைக்செட்டில் அலறுமே, அந்த வகை. எங்க ஆளு, எங்க வம்சம், எங்களைத் தொட்டா என்ன நடக்கும் என்கிற பாட்டுகள். ரெண்டு நிமிஷம் ஓட விட்டேன். கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை. குரல் கணீர் என்று தெளிவாக, மெதுவாக, ஒவ்வொரு சொல்லும் அக்காவுக்கே கேட்கிற மாதிரி இருந்தது. வீடியோவில் அரிவாள்.

"அக்கா, இந்த வயசுல கேக்க வேண்டாம்னு நான் சொல்றது இதைத்தான்."

அவர் முகம் சட்டென்று இறுகியது. "அது ஊர்ல எல்லாரும் போடுறது சார். நாங்களா எழுதுனோம்? அதுல அசிங்கமா ஒண்ணும் இல்லையே."

நாங்குநேரியைச் சொன்னேன். 2023 ஆகஸ்டில் பிளஸ் டூ படித்த ஒரு பையனை, தடுக்க வந்த தங்கச்சியோடு சேர்த்து, கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டியவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அதற்கப்புறம்தான் ஓய்வு பெற்ற நீதிபதி சந்துருவை வைத்து அரசு ஒரு குழு போட்டது. 2024 ஜூனில் அவர் கொடுத்த அறிக்கையில் பள்ளியில் மாணவர்கள் கலர்க் கயிறு கட்டக் கூடாது என்பதும் ஒரு பரிந்துரை. நான் பேசப் பேசப் பையன் வலது கையை மேஜைக்குக் கீழே கொண்டு போனான்.

"அதெல்லாம் அங்கிட்டு சார். இங்க எதுக்குப் பேசிக்கிட்டு" என்றார் அக்கா. கொஞ்சம் பொறுத்து, "அந்தப் பய கூடச் சேராதன்னு இவங்கப்பா சொல்லிட்டே இருக்காரு. பாட்டு அனுப்புறது அவன்தான். அதான் உங்ககிட்டக் கொண்டுவந்தேன்" என்றார்.

அப்போதுதான் எனக்கு முழுசாகப் பிடிபட்டது. பாட்டைப் பற்றி அவர் என்னிடம் கேட்கவே இல்லை. அந்த நண்பனைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார். "டாக்டரே வேண்டாம்னுட்டாரு" என்று வீட்டில் சொல்ல ஒரு சீட்டு வேண்டியிருந்தது. கெட்ட பாட்டு, காது போயிரும் என்று நான் எழுதிக் கொடுத்திருந்தால் பாட்டோடு அந்தப் பையனும் போயிருப்பான். ரெண்டு வாரம் முன்னாடி, குரல் மாறியதே, அப்போ அவசரத்தில் நான் அதை எழுதிக் கொடுத்திருக்கவும் கூடும். ஓபி-யில் அன்றைக்கு நல்ல கூட்டம்.

"அவன் அனுப்புனதுல எனக்குத் தப்பு எதுவும் தெரியலக்கா" என்று மட்டும் சொன்னேன். அக்கா சீட்டை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு போய்விட்டார். போகும்போது வழக்கமாகச் சொல்கிற "வாறேன் சார்" இல்லை. தொழிலில் இது எனக்குத் தேவையா என்று அன்றைக்கு ராத்திரி யோசித்தேன். சொல்லியிருக்கவே வேண்டாமோ, இல்லை இன்னும் பக்குவமாகச் சொல்லியிருக்கலாமோ என்று இப்போதும் தோன்றும்.

நாலைந்து மாசம் ஆளைக் காணோம். வேற டாக்டரைப் பார்க்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் சின்னப் பாப்பாவுக்குக் காய்ச்சல் என்று வந்தார்கள். பையனும் கூட வந்திருந்தான், கொஞ்சம் உயரமாகியிருந்தான். கயிறு இன்னும் கையில் இருந்தது. பாப்பாவுக்குச் சாதாரண வைரல் காய்ச்சல்தான், பாராசிட்டமால் எழுதினேன். காதுச் சத்தம் எப்படி இருக்கு தம்பி என்றேன். இப்போ கேட்கிறதில்லை என்றான். அக்கா தறியில் காதடைப்பான் போடுகிறாராம், கூட வேலை பார்ப்பவர்கள் கேலி பண்ணுகிறார்களாம்.

"பாட்டு வாசிச்சுக் காட்டுனானாக்கா?"

"ஆங், வாசிச்சான் சார். ரெண்டு மூணு நாளு. அப்புறம் அவங்கப்பா சத்தம் போட்டாரு." அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு மருந்து வாங்க வெளியே போனார்.

பையன் வாசலிலேயே நின்றான்.

"சார், அவன் இப்ப வேற ஸ்கூல். அவங்க வீட்ல மாத்திட்டாங்க."

"பேசுறீங்களா ரெண்டு பேரும்?"

"பேச விட மாட்டாங்க சார். பாட்டு மட்டும் அனுப்புவான்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

வெளியே மருந்துக் கடைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான். "தெரியும் சார். ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. புதுசா வந்தா, வாசிடான்னு சொல்லுவாங்க. அப்பா வர்றதுக்குள்ள."